நடுராத்திரி 1 மணி அலாரம்: பிரைடல் மேக்கப் வேலையும் அதைச் செய்ற உடம்பும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)



போன எபிசோட்ல எங்க ஐடி வேலையில வர்ற ஆன்-கால் ட்யூட்டி பத்திப் பேசியிருந்தேன். ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துட்டா போன் அடிக்கும், எழுந்து சரி பண்ணணும், மறுநாள் பூரா தலை கனமா இருக்கும்னு நிறையவே புலம்பினேன். அதைக் கேட்டுட்டு என் பெரியம்மா பொண்ணு, திருச்சி அக்கா, போன் பண்ணாங்க. "மாசத்துக்கு ரெண்டு தடவை எந்திரிக்கிறதுக்கு ஒரு எபிசோடாடா? நான் சீசன் பூரா நடுராத்திரி 1 மணிக்கு எந்திரிக்கிறேன். எனக்கு எப்போடா எபிசோட்?"

நியாயமான கேள்வி. அக்கா ஃப்ரீலான்ஸ் பிரைடல் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். வயசு 34. பார்லர் கிடையாது, சம்பளம் கிடையாது. இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு டிராலி பெட்டி, ஒரு பழைய கார், இவ்வளவுதான் கம்பெனி. பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, ஆனா இங்க சொல்ற எல்லாத்தையும் அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

முகூர்த்தத்துல இருந்து பின்னோக்கி

பத்திரிகையில "காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்" முகூர்த்தம்னு போட்டிருக்குன்னு வச்சுப்போம். நாம எல்லாரும் 5 மணிக்குப் போய் சேர்ந்தா போதும். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கணக்கு வேற. 4.15-க்குப் பொண்ணு ரெடியா இருக்கணும். மேக்கப், சவுரி வச்சுப் பின்னல், பூ ஜடை, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், புடவை எல்லாம் சேர்த்து ரெண்டரை மணி நேரம். அப்போ 1.45-க்கு ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து, லைட் மாட்டி, பிரஷ் எடுத்து வைக்க அரை மணி நேரம். அலாரம் 1 மணிக்குள்ள அடிக்கணும்.

இங்கதான் சிக்கல். நம்ம ஊர்ல பெரும்பாலும் ரிசப்ஷன் முதல் நாள் சாயங்காலம். அதுக்கு மதியமே கிளம்பி, 2 மணிக்கு மண்டபத்துல இருக்கணும். ராத்திரி 10.30-க்கு போட்டோ எல்லாம் முடிஞ்சு, பொண்ணோட தலையில இருக்கிற கொண்டை ஊசிகளை ஒண்ணொண்ணா எடுத்து, மேக்கப் கலைச்சு விடும்போது 11.30. அக்காவுக்குக் கிடைக்கிற தூக்கம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதுவும் பொண்ணு ரூம் மூலையில ஒரு ஜமுக்காளத்துல, சுத்தி நாலு சித்திகள் பேசிக்கிட்டு இருக்கும்போது.

முகூர்த்தம் ஆரம்பிச்ச பிறகும் வேலை முடியாது. நடுவுல கூறைப்புடவை கொடுத்து அனுப்புவாங்க. பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள கட்டின புடவையை மாத்தி, நகை எதுவும் கலையாம மறுபடி மணமேடைக்கு அனுப்பணும். வெளியில இருந்து "நேரமாகுது"ன்னு குரல் வந்துக்கிட்டே இருக்கும். எங்க ப்ரொடக்ஷன் ரிலீஸ் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைங்க.

உடம்பு எங்கெங்க அடிவாங்குது

அக்கா பிரச்சனைன்னு முதல்ல சொன்னது எடை. கல்யாணத்துக்கு முன்னாடி 58 கிலோ, இப்போ 76. ஆனா உட்கார்ந்து பட்டியல் போட்டப்போ வேற விஷயங்கள் வந்தது.

முதல்ல கழுத்தும் முதுகும். மண்டபத்துல பொண்ணை உட்கார வைக்க இருக்கிறது பிளாஸ்டிக் சேர். அது உயரம் கம்மி. ஐலைனர் போடுறப்போ அக்கா ரெண்டரை மணி நேரம் குனிஞ்சே நிக்கணும். நேரா நிக்கும்போது நம்ம தலையோட எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிஞ்சா கழுத்தெலும்பு மேல விழுற பாரம் 27 கிலோ வரைக்கும் போகும்னு 2014-ல ஒரு அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கம்ப்யூட்டர் மாடல் வச்சுக் கணக்கிட்டார். போன் பார்க்கிறவங்களுக்காகச் சொன்ன கணக்கு அது. ஐலைனர் போடுறவங்களுக்கும் அதே கழுத்துதானே.

ரெண்டாவது குதிகால். பொண்ணு ரூமுக்குள்ள செருப்பு போட முடியாது. டைல்ஸ் தரையில வெறுங்காலோட மணிக்கணக்கா நிக்கிறாங்க. காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துற மாதிரி வலி.

மூணாவது, யாரும் வெளியில சொல்லாதது. பல மண்டபத்துல பொண்ணு ரூமுக்கு ஒரே பாத்ரூம், எப்பவும் யாராவது உள்ளே இருப்பாங்க. பாதி மேக்கப்ல பொண்ணை விட்டுட்டுப் போகவும் முடியாது. அதனால அக்கா தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாங்க. விளைவு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை சிறுநீர்த் தொற்று.

நாலாவது தூக்கமும் சாப்பாடும். நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அது எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017-ல மருத்துவ நோபல் பரிசே கொடுத்தாங்க. தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் கூடும், "போதும்"னு சொல்ற லெப்டின் குறையும். இன்சுலினும் சரியா வேலை செய்யாது. அந்த நிலைமையில காலை 8 மணிக்கு அக்கா முன்னாடி வாழை இலை. கேசரி, பொங்கல், வடை, ரெண்டு காபி. "அந்த நேரத்துல ஓட்ஸ் சாப்பிடணும்னு யாருக்குடா தோணும்?"னு கேட்டாங்க. தோணாதுதான். அது மனக்கட்டுப்பாடு இல்லாததால இல்ல, ஹார்மோன் அப்படிச் சொல்லுது.

போன வருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணப்போ எச்பிஏ1சி 6.1 வந்தது. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். பெரியம்மாவுக்கும் சர்க்கரை இருக்கு. அன்னைக்குத்தான் அக்கா முதல் தடவையா பயந்தாங்க.

ஜனவரி 1 தீர்மானம்

இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணலையான்னா, பண்ணாங்க. மூணு வருஷமா ஜனவரி 1-ஆம் தேதி ஜிம்ல சேர்ந்தாங்க. முழு வருஷப் பணமும் கட்டி. மூணு தடவையும் ரெண்டு வாரத்துல நின்னுபோச்சு. தன்னைச் சோம்பேறின்னு அவங்களே திட்டிக்கிட்டாங்க.

இப்போ தினசரி காலண்டரைப் பாருங்க. ஜனவரி 1 மார்கழியில வருது. மார்கழியில கல்யாணம் கிடையாது, அக்கா ஃப்ரீ. 14, 15 தேதியில தை பொறக்குது. தை பொறந்தா வழி பிறக்கும்னு நமக்குச் சொல்வாங்க. அக்காவுக்கு முகூர்த்தம் பிறக்கும். ஜிம் நின்னது சோம்பேறித்தனத்தால இல்ல, பஞ்சாங்கத்தால.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் கோட் எழுதுற ஆள் நான். அக்காவுக்கு ஒரு குட்டி ஆப் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலை 5.30-க்கு உடற்பயிற்சி, கலோரி கணக்கு, தொடர்ச்சியா எத்தனை நாள்னு ஒரு எண். ஒன்பதாவது நாள் அக்கா ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க. "நீங்கள் 4 நாட்களாக வரவில்லை"ன்னு நான் எழுதின வாசகமே சிவப்புல இருந்தது. கீழ அக்கா எழுதியிருந்தது: "5.30-க்கு நான் தாலி கட்டுற இடத்துல டச்-அப் பண்ணிட்டு நின்னேன்டா." தினமும் ஒரே மாதிரி விடியுற ஒருத்தருக்காக, அதாவது எனக்காக, அந்த ஆப்பை எழுதியிருக்கேன்.

அதே மாசம் ஒரு ரிசப்ஷன்ல ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்க கிட்ட சொன்னாங்களாம், "எல்லாரையும் அழகு பண்ற பொண்ணு, தன்னைக் கவனிச்சுக்கலையே." அன்னையில இருந்து மணப்பொண்ணோட எடுத்த போட்டோவுல தன்னை வெட்டிட்டுத்தான் அக்கா பதிவு போடுறாங்க.

பில்லில் வராத செலவு

ஒரு கல்யாணத்துக்கு அக்கா வாங்குறது 25,000 ரூபாய். "ஒரு நாளைக்கு இருபத்தஞ்சாயிரமா!"ன்னு வாயைப் பிளக்காதீங்க. உதவிக்கு வர்ற பொண்ணுக்கு 3,000. ஹேர் ஸ்டைலிஸ்டுக்கு 5,000. வண்டிச் செலவு 3,000. மேக்கப் சாமான் தேய்மானம் 4,000. மிச்சம் 10,000. டிரையல், முதல் நாளே புடவையை மடிப்பு எடுத்து அயர்ன் பண்றது, ரிசப்ஷன், முகூர்த்தம், பயணம் எல்லாம் சேர்த்தா 19 மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் சொச்சம். ஆடி, மார்கழி, பல வீடுகளுக்குப் புரட்டாசி, இந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது.

எனக்கு முதுகு வலிச்சா சிக் லீவ். பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற நிறுவனத்துல 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தனியா தொழில் பண்ற அக்காவுக்கு ரெண்டும் இல்ல. அட்வான்ஸ் வாங்கின பிறகு 102 டிகிரி காய்ச்சல்னாலும் போய்த்தான் ஆகணும். கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியாதே. அதனால, சீசன்ல ஒரு முகூர்த்தத்தைக் கூட விடக் கூடாதுன்னு அக்கா பழகிட்டாங்க.

தஞ்சாவூர் ரோட்டில்

போன ஆவணியில தஞ்சாவூர்ல ரிசப்ஷனும் முகூர்த்தமும். அன்னைக்கே சாயங்காலம் கரூர்ல வேற ரிசப்ஷன். காலை 8.30-க்குத் தஞ்சாவூர்ல இருந்து தானே கார் ஓட்டிக்கிட்டு கிளம்பினாங்க. முதல் நாள் காலை 6 மணிக்கு எழுந்தவங்க. நடுவுல ஒரு மணி நேரத் தூக்கம். திருச்சிக்கு முன்னாடி கண் அசந்து, கார் மீடியனை உரசிட்டு நின்னது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வலது பக்கக் கதவு மட்டும் நசுங்கிப் போச்சு.

1997-ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு ஆய்வு சொல்றது: தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆள் அளவுக்கு நம்ம செயல்திறன் குறையும். இந்தியாவுல வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவே 0.03 தான். அக்கா ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஆனா அந்த ரோட்டுல அவங்க நிலைமை அதுதான்.

அக்கா அன்னைக்கு சாயங்காலம் கரூருக்கும் போனாங்க. டாக்ஸியில. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சது.

இப்போ என்ன மாத்தியிருக்காங்க

நாங்க பக்கை தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருந்தோம். சரி பண்ண வேண்டியது அக்காவோட மன உறுதியை இல்ல, வேலை அமைப்பை.

முதல்ல சேர். ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் சொன்ன எளிய விதி: பொண்ணோட முகம் உன் கண் மட்டத்துக்குக் கிட்ட வரணும், நீ குனியக் கூடாது. மடக்குற உயரமான மேக்கப் சேர் ஒண்ணு வாங்கினாங்க. கூடவே ரூமுக்குள்ள மட்டும் போட ஒரு மெத்து மெத்து செருப்பு. எந்த உடற்பயிற்சியை விடவும் முதல்ல வலியைக் குறைச்சது இந்த ரெண்டும்தான்.

அடுத்து வருஷத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. பெரியவங்களுக்கு வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, ரெண்டு நாள் தசைக்கு வலு கொடுக்கிற பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆடி, புரட்டாசி, மார்கழியில அக்கா அதை முழுசாப் பண்றாங்க. ஜிம்ல வருஷப் பணம் கட்டாம அந்த மாசத்துக்கு மட்டும் கட்டுறாங்க. சீசன்ல இலக்கே வேற: இருக்கிறதை விட்டுடக் கூடாது. முகூர்த்தம் இல்லாத நாள்ல வீட்டிலேயே 20 நிமிஷம் பயிற்சி, சாயங்காலம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில ஒரு நடை. முகூர்த்த நாள்ல பயிற்சியே கிடையாது, தூக்கம்தான் பயிற்சி. ஆப்பை நான் அழிச்சுட்டேன்.

சாப்பாட்டுக்கு, அவிச்ச முட்டையும் சுண்டலும் டப்பாவுல எடுத்துட்டுப் போறாங்க. பந்திக்கு முன்னாடி அதைச் சாப்பிட்டா கேசரி ஒரு கரண்டியோட நிக்குது. தண்ணி குடிக்கிறாங்க. ஐ மேக்கப் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷ இடைவெளின்னு பொண்ணு வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிடுறாங்க.

கடைசியா கஷ்டமான முடிவு. ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் எடுக்கிறதில்ல. ராத்திரி வேலை முடிஞ்சு தானே வண்டி ஓட்டுறதில்ல. டிரைவர் செலவைச் சேர்த்து ரேட்டை 29,000 ஆக்கினாங்க. பயந்த மாதிரியே சில பேர் வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க. இந்தத் தையில போன வருஷத்தை விட நாலு கல்யாணம் கம்மி. வருமானமும் கொஞ்சம் கம்மிதான். அதை மறைச்சு இனிப்பா முடிக்க எனக்கு மனசில்ல.

எடை 76-ல இருந்து 73. இன்ஸ்டாகிராம்ல போடுற அளவுக்கு "முன், பின்" போட்டோ எதுவும் கிடையாது. எச்பிஏ1சி 5.8. டிராலியைத் தூக்கிக்கிட்டு லிஃப்ட் இல்லாத மண்டபத்துல மாடி ஏறும்போது நடுவுல நிக்கிறதில்ல. போன வாரம் ஒரு மணப்பொண்ணோட எடுத்த போட்டோ போட்டிருந்தாங்க. தன்னை வெட்டல.

கேட்கிற உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் புக் பண்ணா, மூணு விஷயம் பண்ணுங்க. ராத்திரி படுக்க ஒரு தனி இடம் கொடுங்க. முதல் பந்தியில அவங்களையும் உட்கார வைங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் வண்டி எடுக்கப் போனா, "ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போங்கம்மா"ன்னு சொல்லுங்க.

அக்கா, இதோ உங்க எபிசோட். ஆடி மாசம்தானே, நிம்மதியா கேளுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.