புயல் மாதிரியத்தில் ‘ரிட்டர்ன் பீரியட்’: ஒரு கலைச்சொல் ஆய்வு

ஒரு கலைச்சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதினும் அச்சொல் ஆற்றும் பணியில் தேடுவது மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிதும் துணைபுரியும். ஆஸ்திரேலிய அரசின் ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனம் உருவாக்கிய ‘டிராப்பிகல் சைக்ளோன் ரிஸ்க் மாடல்’ என்னும் மென்பொருள் இதற்குத் தக்க சான்று. அது திறந்த மூல மென்பொருள் ஆதலின், பைத்தான் மொழியில் அமைந்த அதன் நிரலை எவரும் படித்தறியலாம்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. பெயர் ‘ரிஸ்க்’ என்கிறது. மென்பொருள் கணிப்பதோ ‘ஹசார்ட்’. காற்று எவ்வளவு கடுமையாக, எவ்வளவு அடிக்கடி வீசக்கூடும் என்பது ஹசார்ட். அக்காற்றின் வழியிலுள்ள வீடுகளையும் அவற்றின் உறுதியையும் சேர்த்து எண்ணும்போது கிடைப்பது ரிஸ்க். ஆளற்ற கடற்கரையில் முன்னது உண்டு, பின்னது இல்லை. இரண்டையும் ‘அபாயம்’ என்றே எழுதிவிடும் வழக்கம் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. முன்னதை ‘இடர்’ என்றும் பின்னதை ‘இழப்பு வாய்ப்பு’ என்றும் வழங்கலாம்.

இதனினும் இடறவைப்பது ‘ரிட்டர்ன் பீரியட்’. முந்தைய புயல்கள் தோன்றிய இடம், நகர்ந்த திசை, மைய அழுத்தம் முதலியவற்றின் புள்ளியியல் இயல்புகளைக் கொண்டு, மென்பொருள் பல்லாயிரம் ஆண்டுகளுக்குரிய செயற்கைப் புயல்தடங்களைப் படைக்கிறது. மையத்திலிருந்து வெளிநோக்கி அழுத்தம் உயரும் பாங்கை ஹாலண்ட் 1980இல் வெளியிட்டது போன்றதொரு சமன்பாட்டால் வரைந்து, காற்றின் விரைவைப் பெறுகிறது. ஓரிடத்தில் குறிப்பிட்டதொரு விரைவை மிஞ்சும் காற்று சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வீசும் என்பதே இறுதிக் கணக்கு. ரிட்டர்ன் பீரியட் எனப்படுவது இச்சராசரியே.

‘திரும்பும் காலம்’ என்னும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போ, வால்மீன்போல் தவணை தவறாது வருவதொன்றை நினைவூட்டுகிறது. உண்மையில் 100 ஆண்டுக் காற்று ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காட்டு வாய்ப்புடையது. ஒரு வீடு நிற்கும் 30 ஆண்டுகளில் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. 100 ஆண்டுகளிலோ 63 விழுக்காடே, முழுமையன்று. 1974 டிசம்பரில் டிரேசிப் புயலால் சிதைந்த டார்வின் நகரில் மீண்டும் வீடு கட்டியவரை, சென்ற புயலிலிருந்து ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுமாறு இச்சொல் கூறவில்லை. ஆய்வுரைகளில் ‘சராசரி நிகழ்விடைவெளி’ என்பது போதும். பொதுமக்களுக்கான அறிவிப்புகளில் அதனையும் விடுத்து, ‘ஆண்டுதோறும் 1 விழுக்காட்டு வாய்ப்புடைய காற்று’ என விரித்தெழுதுவதே தகும். சொல் நீண்டாலும் பொருள் பிறழாது.

‘காற்றின் விரைவு’ என்னும் எளிய தொடரும் கவனத்திற்குரியது. நீடித்த காற்றை ஆஸ்திரேலியா 10 நிமிடச் சராசரியாகவும், இந்தியா 3 நிமிடச் சராசரியாகவும், அமெரிக்கா 1 நிமிடச் சராசரியாகவும் குறிக்கின்றன. சராசரிக் காலத்தைச் சுட்டாமல் எண்ணை மட்டும் பெயர்த்தெழுதினால் ஒரே புயல் மூன்று மொழிபெயர்ப்புகளில் மூன்று புயல்களாகிவிடும்.