வெள்ளித்திரை ராஜ்யங்கள் – 7: சிம்மாசனத்தின் அருகில் நிற்பவன்

நம் ராஜா ராணிப் படங்களில் கொடுங்கோலன் பெரும்பாலும் அரசனாக இருப்பதில்லை. அரசனுக்குப் பக்கத்தில் நின்று அவன் காதில் ஓதுகிறவனாகவே இருக்கிறான். 1950-ல் வந்த ‘மந்திரிகுமாரி’யில் அவன் ராஜகுரு, மறு ஆண்டில், பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்ட ‘சர்வாதிகாரி’யில் மந்திரி. இரண்டிலும் அந்த வேடம் எம்.என். நம்பியாருடையது. மன்னனோ சூழ்ச்சி அறியாத அப்பாவி; ஆகவே, ஜனங்களின் துவேஷமெல்லாம் துஷ்டன்மேல் பாய, சிம்மாசனம் மாசுபடாமல் தப்பிவிடுகிறது.

இந்த மரபின் நாற்றங்கால் மதுரைதான் என்பது என் அபிப்பிராயம். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் பால நடிகர்களுக்காகச் சபை கண்ட ஊர் இது. நம்பியார் பயின்ற நவாப் ராஜமாணிக்கத்தின் சபையும், அவரைத் திரையில் ஓயாமல் எதிர்த்து நின்ற எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்த ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் மதுரையின் பெயரையே முன்னால் தாங்கியிருந்தன. கொடியவனும் அவனை வீழ்த்துகிறவனும் ஒரே விதமான நாடகப் பள்ளியில் உருவானவர்கள் என்பது தற்செயல் அன்று. புராண நாடகத்து அசுரன்தான் அங்கிருந்து ராஜகுருவின் அங்கியை அணிந்துகொண்டு திரைக்கு வந்தான்.

எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்து, 1958 ஆகஸ்டில் வெளியிட்ட ‘நாடோடி மன்னன்’ இந்த மரபின் சிகரம். பி.எஸ். வீரப்பாவின் ராஜகுரு நாட்டைச் சூறையாடத் துடிக்க, மக்களாட்சி வேண்டிப் போராடும் வீராங்கன், தன் உருவத்தையே ஒத்த மார்த்தாண்ட மன்னனின் இடத்தில் அமர்ந்து, ஏழைகளின் துயர் துடைக்கும் சட்டங்களைத் தானே பிறப்பிக்கிறான். மந்திராலோசனை இல்லை, விவாதம் இல்லை. ஒரு மனிதனின் கருணையே சட்டமாகிறது. கொட்டகை அதிரக் கைதட்டிய ஜனங்களை நான் குறை கூறமாட்டேன். பசித்தவனுக்குச் சோறிடும் கையை முதலில் வணங்கத்தான் தோன்றும். ஆயினும், கொடிய ஏகாதிபத்தியத்தை வெறுக்கக் கற்ற அதே இருட்டில், நல்ல ஏகாதிபத்தியத்துக்கு ஏங்கவும் நாம் கற்றுக்கொண்டோம் என்பதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. அப்படத்தின் வெற்றி விழாவில் அவருக்குத் தங்க வாள் பரிசளித்ததும், 1980-ல் மேற்குத் தொகுதியிலிருந்து அவரைச் சட்டசபைக்கு அனுப்பியதும் மதுரைதான்.

சார்லி சாப்ளின் 1940-ல், ஹிட்லர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோதே எடுத்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்திலும் இதே உருவ ஒற்றுமைதான் கதையின் அச்சாணி. ஆனால் அங்கே, சர்வாதிகாரியென்று தவறாக எண்ணப்பட்டு மேடையேற்றப்படும் எளிய நாவிதன், ஆளும் ஆசை தனக்கு இல்லையென்று பேசுகிறான். நம் நாயகனோ ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறான். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

அந்த ஆசனத்தின் மகிமையையே துணிந்து குலைத்தவர் மதுரை மண்ணின் மைந்தர் வடிவேலு. சிம்புதேவன் இயக்கி 2006-ல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில், ஒரு வீரனின் உடலில் தன் முகத்தை ஒட்டிச் சித்திரம் தீட்டச் சொல்லும் மன்னனைக் கண்டு நாடே சிரித்தது. இங்கும் சகல அக்கிரமங்களுக்கும் பின்னால் நாசர் நடித்த தாய்மாமன் இருக்கிறான். இங்கும் இரட்டைச் சகோதரன் வந்துதான் நாடு மீள்கிறது. என்றாலும், அரசனே நகைப்புக்குரியவனாகும் காட்சிகளை ராஜகுருக்களின் காலத்துப் படங்கள் நமக்குத் தந்ததில்லை.

தில்லித் துக்ளக்கின் பிடியிலிருந்து 1335-ல் பிரிந்து தனி சுல்தானகமானது மதுரை. அந்தத் துக்ளக்கை 1968-ல் சோ மேடைக்கு அழைத்து வந்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.