தூக்கத்தைச் சேமநிதியில் போட்டு வைக்க முடியுமா?



தைப்பூசம் நெருங்கும்போது தோட்டத்து கிளினிக்கில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டிரெஸர் ஐயா, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும். இப்பவே நல்லாத் தூங்கிச் சேர்த்து வெச்சுக்கிட்டா தாங்குமா?"

நியாயமான கேள்விதான். பூசத்திற்கு முதல் நாள் ஜார்ஜ்டவுனிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டு முதல் ஓடும் ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. ரதத்தின் பின்னால் நடப்பது, தேங்காய் உடைப்பதைப் பார்ப்பது, நடுச்சாமத்தில் காவடிக்குத் துணை போவது, பிறகு தண்ணீர்மலையின் 513 படிகள். இதில் தூக்கத்திற்கு நேரம் ஏது? ஆகவே, முன்கூட்டியே தூங்கிச் சேமித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அப்படித்தான் செய்தார். பூசத்திற்கு முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிவரை படுத்திருந்துவிட்டு, தெம்பாகக் கிளம்பினார். இரவு முழுவதும் விழிப்பு. மறுநாள் பிற்பகல் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடந்தார். வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் வண்டி கால்வாயில் இறங்கிவிட்டது. மனைவிக்குக் காறை எலும்பு முறிவு. கட்டுப் போடும்போது அவர் சொன்னார்: "நான் எங்கேங்க தூங்கினேன்? கண்ணைக்கூட மூடலியே!"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் மூளை சில விநாடிகள் தூங்கிவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர் தூரம். அவ்வளவு தூரமும் வண்டியை ஓட்ட ஆள் இல்லை என்று அர்த்தம்.

அவர் சேர்த்து வைத்த தூக்கம் என்னவாயிற்று?

பால்மரம் சீவியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மரத்தில் கட்டியிருக்கும் மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. மங்கு நிறைய நிறைய, கண் சொக்குகிறது. தூங்கும்போது மங்கு காலியாகிறது. காலியான மங்கை அதற்கு மேலும் காலியாக்க முடியுமா? முடியாது. அதனால்தான் தூக்கத்தைச் சேமநிதியில் போடுவதுபோல் போட்டு வைக்க முடியாது. பன்னிரண்டு மணிவரை படுத்துக் கிடந்தாலும், எழுந்த நிமிடத்திலிருந்து மங்கில் சொட்ட ஆரம்பித்துவிடும்.

"அப்படியானால் முன்னாடி தூங்கி ஒரு பிரயோசனமும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்க இராணுவத்தின் வால்ட்டர் ரீட் ஆராய்ச்சிக் கழகத்தார் 24 பேரை வைத்து நடத்திய சோதனை ஒன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பகுதியினரை ஒரு வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் தூங்கினார்கள். அடுத்த வாரம் எல்லாருக்கும் இரவுக்கு 3 மணி நேரம் மட்டுமே தூக்கம். முன்வாரம் அதிகம் தூங்கியவர்களும் தளர்ந்துதான் போனார்கள். ஆனால் மற்றவர்களைவிடக் குறைவாகத் தவறு செய்தார்கள், சீக்கிரம் தேறினார்கள்.

இது சேமிப்பா? பழைய கடன் தீர்ந்தது என்றுதான் பலர் விளக்குகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் தூக்கக் கடனாளிகள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகிறவர், இரவு பதினொரு மணிவரை டி.வி., கைப்பேசி என்று இருந்தால் ஐந்து மணித் தூக்கம்தான். மங்கைத் துடைக்காமலே மறுநாள் சீவுகிற கதை. பாதி நிறைந்த மங்கு சீக்கிரம் வழியும். கடைக்காரரிடம் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத் திருவிழாவுக்குப் போகிறவருக்கும், பாக்கியோடு போகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பள்ளிக்குப் போகும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைப்பதமும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். 2020இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சாலைச் சட்டத்தின் மது வரம்பும் இதே அளவுதான். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது இருமடங்கு. விரதமிருந்து ஒரு சொட்டு மது தொடாதவரும், தூங்காமல் வண்டி எடுத்தால் குடித்தவர்போல்தான் ஓட்டுகிறார்.

"கோப்பி ஓ குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். கோப்பி மங்கைக் காலி செய்வதில்லை. நிறைந்திருப்பது தெரியாமல் சிறிது நேரம் மூடி வைக்கிறது. மூடிக்குக் கீழே சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை:

1. பூசத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். எழுகிற நேரத்தை மாற்ற வேண்டாம். கடைசி நாள் மட்டும் நெடுநேரம் படுத்திருப்பது போதாது.

2. கண் விழிக்கப்போகும் இரவுக்கு முன், பிற்பகல் இரண்டு மணிவாக்கில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். அந்நேரம் உடம்பே தூக்கம் கேட்கும். மாலை ஆறு, ஏழு மணிக்குப் படுத்தால் புரள்வதுதான் மிச்சம்.

3. திரும்பும்போது பேருந்தோ வேனோ நல்லது. வேன் ஓட்டுநர் முதல் நாள் இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

4. மோட்டார் சைக்கிள்தான் என்றால், பந்தலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். 20 நிமிடமானாலும் பலன் உண்டு. விழித்தவுடன் வண்டியை எடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் நடந்து மந்தம் தெளியட்டும். விடியற்காலை 2 முதல் 5 மணிவரையிலும், பிற்பகல் 2 முதல் 4 மணிவரையிலும் ஆபத்து அதிகம். பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நின்று இளைப்பாற இடமில்லை.

5. மறுநாளுக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுங்கள். தூங்காத கையில் சீவுகத்தியும் குலை வெட்டும் அரிவாளும் வேண்டாம்.

இழந்த தூக்கத்தை மணிக்கு மணி திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1964இல் ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவர் 11 நாள் விழித்திருந்தார். பிறகு முதல் முறை சுமார் 14 மணி நேரம்தான் தூங்கினார். உடம்பு ஆழ்ந்த தூக்கத்தால் ஈடு செய்துகொள்கிறது. பகல் முழுவதும் படுக்காமல் சற்றே கண்ணயர்ந்து, இரவு சீக்கிரம் படுத்தால் சில நாளில் சரியாகிவிடும்.

பிறை தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். "ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கிறேன்" என்று அவர்கள் ஆறு நாள் விழித்தால், கடன்தான் ஏறும். பகலில் அவர்கள் தூங்கும் அறையை இருட்டாக்கி, வீட்டில் சத்தத்தைக் குறையுங்கள். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். இந்த வாரமே மங்கைத் துடைத்து வையுங்கள்.