ஆட்டமும் நாவடக்கமும்



சென்ற கோடை விடுமுறைக்கு என் பேரன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். பதினைந்து வயது, பெரியோர் முன்னிலையில் உரக்கப் பேசவும் கூசுகிறவன். ஒரு நாள் மாலை அவன் கணினியில் இணைய விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த அறையிலிருந்து வசைச் சொற்கள் எழுந்தன. 35 ஆண்டு ஆசிரியப் பணியில் எந்த வகுப்பறையிலும் நான் கேட்டிராத சொற்கள் அவை. உள்ளே சென்று, "யாரைடா இப்படித் திட்டுகிறாய்?" என்று கேட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவன், "தெரியாது தாத்தா" என்றான்.

அந்த விடைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. யார் என்றே அறியாத ஒருவர்மீது இத்துணைச் சினம் எங்ஙனம் பிறக்கிறது?

விளையாட்டில் சினம் புதிதன்று. நாங்கள் சடுகுடு ஆடிய நாளில், தொட்டான், தொடவில்லை என்னும் பூசல் கைகலப்பில் முடிந்ததும் உண்டு. ஆயினும் ஏசியவன், ஏசப்பட்டவனின் முகம் வாடுவதைக் கண்ணெதிரே கண்டான். மறுநாள் அதே பெஞ்சில் அவனருகே அமரவும் வேண்டியிருந்தது. அந்த முகமும் அந்த மறுநாளும் எங்கள் நாவுக்குக் கடிவாளங்களாய் இருந்தன. இணைய விளையாட்டிலோ ஆடுவோர் பெரும்பாலும் புனைபெயர் பூண்டவர், முகம் தோன்றுவதில்லை, ஆட்டம் முடிந்தபின் மீண்டும் சந்திப்பதும் அரிது. ஜான் சூலர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 2004-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இத்தகைய சூழலில் மனத்தின் தடைகள் தளர்ந்துவிடுகின்றன என்று விளக்கினார். தடை தளர்ந்தவர் சிலர் வழக்கத்தினும் கனிவாகப் பேசுவர். சிலர் வழக்கத்தினும் கொடுமையாகப் பேசுவர் என்பதும் அவர் கருத்து.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2009-ஆம் ஆண்டில் ரையட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஐவர் கொண்ட அணிகள் இரண்டு அதில் மோதும். ஓர் அணியில் சேரும் ஐவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர். ஒருவர் பிழை செய்தால் ஐவரும் தோற்கக்கூடும். இடையில் விலகினாலோ தண்டனை உண்டு. ஆகவே, தோல்வி நெருங்குகையில் பழியைப் பிறர் தலையில் சுமத்தும் வேட்கை எழுகிறது. அங்கு வசவு மலிந்துவிடவே, நிறுவனத்தார் அறிவியலறிஞர்களைக் கொண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தனர்.

சில தீயவர்களே இதற்குக் காரணம் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் எப்போதும் இழிவாக நடப்போர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே என்றும், நிகழும் தீமையில் அவர்கள் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவே என்றும் அவ்வாய்வு காட்டிற்று. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, ஏதோ ஒரு தீய வேளையில் நிதானமிழந்த சாதாரண மனிதர் செய்தது! என் பேரனும் அவ்வினத்தான் அன்றோ?

நல்லவரே தவறுகிறார் எனில், அவரைத் திருத்தவும் இயலும். அந்நிறுவனத்தார் எதிரணியினரோடு எழுத்தில் உரையாடும் வசதியை அடைத்து வைத்தார்கள். வேண்டுவோர் தாமே அதைத் திறந்துகொள்ளலாம். இவ்வளவுதான் மாற்றம். உரையாடலின் அளவு ஏறக்குறைய முன்போலவே இருந்தது. ஆனால் தீய பேச்சு 30 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறத்தாழ 35 விழுக்காடு பெருகியது. பேசுமுன் நேர்ந்த ஒரு சிறு தாமதமே இதைச் செய்தது எனலாம்.

தண்டனையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. எவ்வகைக் குற்றம் என்று மட்டும் அறிவிக்கப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினர் அடுத்த மூன்று மாதங்களில் மீண்டும் தண்டனைக்குரிய தவறு செய்யவில்லை. அவர்கள் கூறிய சொற்களையே எடுத்துக் காட்டியபோது, அத்தொகை 65 விழுக்காடாக உயர்ந்தது. இதைப் படித்தபோது என் நெஞ்சு சுட்டது. பணியேற்ற புதிதில் ஒரு மாணவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். "நான் என்ன தப்பு செய்தேன், சார்?" என்று அவன் கேட்டபோது, "உனக்கே தெரியும்" என்றேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று அவன் கற்றது என்மீது அச்சத்தையே. தன் பிழையை அன்று.

எனவே பேரனை நான் அதட்டவில்லை. "சற்றுமுன் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல்" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை, கண்கள் கலங்கின. "அந்தப் பக்கத்திலும் ஒரு முகம் இருக்கிறதப்பா" என்று கூறி வெளியே வந்துவிட்டேன். அதன்பின் அவன் ஒருநாளும் ஏசவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏசியதை உணர்ந்து, ஆட்டத்தை நிறுத்திச் சற்று உலாவி வந்ததைக் கண்டிருக்கிறேன்.

மாணவர்களே, ஆடுங்கள், வெல்ல முயலுங்கள். சினம் எழும்போது விரலையும் நாவையும் ஒரு கணம் நிறுத்துங்கள். எவரேனும் உங்களை ஏசினால், திருப்பி ஏசாதீர்கள். அவர் குரலை அடைத்துவிடுங்கள். அச்சுறுத்தினால், விளையாட்டை நடத்துவோரிடம் முறையிடுங்கள், பெற்றோரிடமும் மறைக்காதீர்கள். முகம் தெரியாத ஒருவர் வீசிய சொல் உங்கள் தகுதியின் அளவுகோல் ஆகாது. நீங்கள் வீசும் சொல்லோ, உங்கள் தகுதியின் அளவுகோல் ஆகும்.