தோளில் பையா, சக்கரத்தில் பையா?

கோல்ஃப் ஆடுபவர் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் கொண்டு போகலாம். 1930-களின் கடைசியில்தான் இந்த வரம்பு வந்தது. அதற்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளோடு களமிறங்கியவர்கள் உண்டு. 14 மட்டைகளே 5, 6 கிலோ வரும். பையின் எடை, பந்துகள், தண்ணீர், குடை, மழைச்சட்டை எல்லாம் சேர்ந்தால் 12 கிலோ எளிதில் ஆகிவிடும். இதோடு 18 குழிகளையும் சுற்றி வர வேண்டும். மைதானத்தின் நீளம் காகிதத்தில் 6 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பந்து நேர்க்கோட்டில் போவதில்லை; ஒரு குழியை முடித்துவிட்டு அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடக்க வேண்டும். கால் நடப்பது என்னவோ 8 முதல் 10 கிலோமீட்டர்.

இந்தப் பையைத் தோளில் போடுவதா, மின்சார டிராலியில் ஏற்றுவதா என்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோல்ஃப் ஆடுபவர்களிடையே தீராத வழக்கு. சுமந்தால்தான் உடம்புக்கு உழைப்பு, டிராலி வயதானவர்களுக்கு என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. உடலியல் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை.

அமெரிக்காவின் டென்வர் நகரில் விளையாட்டு அறிவியலாளர் நீல் வோல்கோடாஃப் நடத்திய சோதனை இதில் பெரிதும் பேசப்படுவது. எட்டு ஆட்டக்காரர்களின் உடலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியைப் பொருத்தி, மேடு பள்ளமான மைதானத்தில் ஒன்பது குழிகள் ஆடவைத்தார். பையைத் தாமே சுமந்தபோது சராசரியாக 721 கலோரி செலவானது. கையால் தள்ளும் டிராலியோடு நடந்தபோது 718. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். பை சுமக்கும் உதவியாளரோடு வெறுங்கையாக நடந்தபோது 613. நம் ரயில் நிலையங்களில் ஓடுகிறதே, அதுபோன்ற பேட்டரி காரில் உட்கார்ந்து போனபோது 411.

மின்சார டிராலியை இந்தச் சோதனையில் தனியாக அளக்கவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்துபவர் எதையும் சுமப்பதில்லை, தள்ளுவதும் இல்லை; கூடவே நடக்கிறார், அவ்வளவுதான். ஆகவே அவருக்குப் பொருந்தும் எண் 613. தோளிலிருந்து பையை இறக்கியதால் இழப்பது சுமார் 108 கலோரி, அதாவது இரண்டு இட்லி. நடையையும் விட்டுவிட்டு பேட்டரி காரில் ஏறினால் இன்னும் 200 கலோரி போகிறது. எட்டே பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான் இது. ஆனாலும் அதன் விடை வேறொரு எளிய கணக்கோடு பொருந்துகிறது. நடக்கும்போது நாம் முதன்மையாக நகர்த்துவது நம் சொந்த உடம்பை. 70 கிலோ ஆளின் முதுகில் 12 கிலோ ஏறினால் சுமை 17 சதவீதம் கூடுகிறது. சோதனையில் கலோரிச் செலவு கூடியதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அந்தக் கூடுதல் செலவுக்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒற்றை வாரில் வலது தோளில் பை தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பையின் எடை, முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. உடம்பு அந்தப் பக்கம் சாயாமல் இருக்க, இடது பக்க முதுகுத் தசைகள் எதிராக இழுத்துப் பிடிக்க வேண்டும். அவை முதுகெலும்பை ஒட்டி 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. தூரம் நான்கில் ஒரு பங்கு என்றால் விசை நான்கு மடங்கு வேண்டும். 12 கிலோ பைக்குத் தசை கொடுப்பது 48 கிலோ அளவு இழுப்பு. இரண்டும் சேர்ந்து, இடுப்புப் பக்கத்து எலும்பு வட்டுகளின் மேல் கூடுதலாக 60 கிலோ அழுத்துகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனால் திசை சரி. பள்ளிப் பையைப் போல இரண்டு வார்கள் வைத்து முதுகின் நடுவே போட்டால் இந்தப் பக்கச் சாய்வு பெருமளவு குறைந்துவிடுகிறது. சுமந்தே தீருவேன் என்பவர்கள் ஒற்றை வாரை இன்றே கழற்றிவிடலாம்.

அடுத்தது, சுமை தொடர்ச்சியாகவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பையை இறக்கி, மட்டையை உருவி, அடித்துவிட்டு மறுபடி தூக்க வேண்டும். ஒரு சுற்றில் ஐம்பது முறைக்குக் குறையாமல் இது நடக்கும். குனிந்து நிமிர்ந்த அதே இடுப்பு, மறு நிமிடமே மட்டையை முழு வேகத்தில் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் கீழ் முதுகெலும்பின் மேல் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை அழுத்தம் விழுவதாக 1990-லேயே ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். முதுகுவலி கோல்ஃப்காரர்களின் தலையாய புகாராக இருப்பதில் வியப்பில்லை. டென்வர் சோதனையில் ஆட்டப் புள்ளிகளையும் குறித்தார்கள். குறைவாக எடுப்பவரே சிறந்தவர் என்ற இந்த ஆட்டத்தில், டிராலி தள்ளியவர்களின் சராசரி 40. தாமே சுமந்தவர்களுடையது 45. நான்கு வகையிலும் கடைசி இடம் சுமந்தவர்களுக்குத்தான்.

மின்சார டிராலிக்குள் இருப்பது பெரிய மர்மமல்ல. ஒரு பேட்டரி, ஒன்று அல்லது இரண்டு மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், நம் நடை வேகமான மணிக்கு 5 கிலோமீட்டரில் போக, நிமிடத்துக்கு 95 சுற்று சுற்றினால் போதும். பையும் டிராலியுமாக 25 கிலோ. புல் தரும் தடை அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்து, 9 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 63 வாட்-மணி வருகிறது. மோட்டாரிலும் பற்சக்கரத்திலும் பாதி வீணானாலும் 125. வழக்கமான 12 வோல்ட், 16 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 192. மேடுகளுக்கும் மிச்சம் இருக்கிறது. கரண்ட் பில் கணக்கில் முழு பேட்டரியும் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்.

1983-இல் இங்கிலாந்தில் ‘பவாகேடி’ டிராலி வந்த காலத்தில் ஈய-அமில பேட்டரிதான். அதுவே 10 கிலோவை நெருங்கும். அதை காரிலிருந்து தூக்கி இறக்கும்போதே முதுகு பிடித்துக்கொள்ளும். லித்தியம் வந்து அந்த எடையை 2 கிலோ சுற்றுவட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மின்சார டிராலி பலருக்கும் உகந்ததானது. இறக்கத்தில் தானே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், முழங்கால் வாழ்த்தும். கையால் இழுக்கும் டிராலி என்றால் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளுவது நல்லது. பின்னால் இழுக்கும்போது தோளும் இடுப்பும் ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொள்கின்றன.

கோல்ஃபின் நன்மை நடையில் இருக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 3 லட்சம் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அதே வயதும் பாலினமும் சமூக நிலையும் உள்ள மற்றவர்களைவிட இவர்களிடம் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்றது. ஆயுள் கணக்கில் ஐந்து ஆண்டு. நலமாக இருப்பவர்களே இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்து ஆடும் ஒரே சுற்று அதைத் தாண்டிவிடுகிறது. நடக்க முடியாதவர்கள் நிலை வேறு. கால் நோயால் அவதிப்பட்ட கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின் போட்டிகளில் வண்டியில் செல்லலாம் என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது சரியான தீர்ப்பு. நடக்க முடிந்தவர்கள் மட்டும் அந்த வண்டியைத் தவிர்க்கட்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே பெரும்பாலும் பையைச் சுமப்பது ஆடுபவரின் தோள் அல்ல, கேடி எனப்படும் உதவியாளரின் தோள். 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பா கேடியாக இருந்து வந்தவர். ஆடுபவர் எப்போதாவது ஒரு நாள் சுமப்பதை இவர்கள் தினமும், சில நாள் இரண்டு சுற்றும் சுமக்கிறார்கள். 60 கிலோ அழுத்தக் கணக்கு முதலில் பொருந்துவது இவர்களுக்குத்தான். பல கிளப்புகளில் டிராலி வந்துவிட்டது. இன்னும் வராத கிளப்புகள், உறுப்பினர்களுக்குப் புதிய பேட்டரி கார் வாங்கும் முன், கேடிகளின் கையில் ஆளுக்கொரு டிராலியைக் கொடுக்க வேண்டும்.