சம்பளம் மட்டும் போதுமா? வேலையில் மனம் ஒன்றுவது எதனால்?

பால்மரம் சீவியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கத்தி சற்று ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அங்கே சீராகச் சீவ முடியாது. ஆனால், அன்றைய பாலை நிறுக்கும்போது அந்தத் தவறு தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தைச் சீவ வரும்போதுதான் தெரியும்.

யாரும் பார்க்காத வேளையிலும் மரத்திற்குக் காயம் படாமல் சீவிய தொழிலாளியின் அந்த அக்கறையைத்தான் இன்று நிறுவனங்கள் ‘பணியாளர் ஈடுபாடு’ என்று அழைக்கின்றன. நேரத்திற்கு வந்து, சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போவது வேறு. மனம் வைத்துச் செய்வது வேறு.

இதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வில்லியம் கான், 1990இல் மூன்று நிபந்தனைகளைச் சுட்டிக்காட்டினார். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும். மனத்தில் பட்டதைச் சொன்னால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை வேண்டும். வேலையில் ஈடுபட உடலிலும் மனத்திலும் தெம்பு இருக்க வேண்டும்.

அப்படியானால் சம்பளத்தின் இடம் என்ன? உளவியல் அறிஞர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் ஒரு விளக்கம் தந்தார். சம்பளம், வேலைச் சூழல், மேற்பார்வை ஆகியவை சரியில்லாவிட்டால் மனக்குறை வரும். அவை சரியாக இருந்தால் மனக்குறை நீங்கும்; ஆனால் அதனாலேயே உற்சாகம் பிறந்துவிடாது. சாதித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவையே உற்சாகத்தைத் தரும் என்றார் அவர்.

சம்பளம் முக்கியமில்லை என்று முதலாளிகள் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அடித்தளம் இல்லாமல் வீடு நிற்காது. மலேசியாவில் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு 1 முதல், ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவற்றையே முறையாகக் கொடுக்காத இடத்தில் ‘குடும்பம் போல் உழைப்போம்’ என்று பேசுவதில் பயனில்லை.

அடித்தளம் போட்ட பிறகு மேற்பார்வையாளரின் பங்கு தொடங்குகிறது. இயந்திரத்தில் ஏதோ வித்தியாசமான சத்தம் கேட்கிறது என்று ஒரு தொழிலாளி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “உன் வேலையை மட்டும் பார்” என்ற பதில் வந்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். இயந்திரம் பழுதாகலாம், ஒருவரின் கையே போகலாம். “நல்ல வேளை சொன்னீர்கள், பார்க்கலாம்” என்று சொல்லச் செலவு ஏதுமில்லை.

தெம்பும் அப்படித்தான். சிறு பிள்ளைகளையோ வயதான பெற்றோரையோ கவனிக்க வேண்டியவர், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இந்த உரிமை 2023இல்தான் நடப்புக்கு வந்தது, தெரிந்துகொள்வது நல்லது.

முன்னேற்றத்திற்கும் வழி உண்டு. மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கான வரியாகச் செலுத்துகின்றன. அந்தப் பணம் தொழிலாளர்களின் திறனை வளர்ப்பதற்கே. “எனக்குப் பொருத்தமான பயிற்சி ஏதும் இருக்கிறதா?” என்று நிர்வாகத்திடம் கேட்பதில் தவறில்லை.

நிர்வாகங்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பலர் முன்னிலையில் திட்டு வாங்கிய தொழிலாளி மறுநாளும் வேலைக்கு வருவார். வருகைப் பதிவில் எந்தக் குறையும் இருக்காது. மரத்தில் பட்ட காயம் போல, அதுவும் பிறகுதான் தெரியவரும்.