கல்லூரி நிலையில் செரோக்கி மொழி கற்பித்தல்: வினையமைப்பும் வகுப்பு நேரமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான செரோக்கி, இன்று வீட்டைவிட வகுப்பறையையே மிகுதியும் நம்பி நிற்கிறது. அதன் வினையமைப்பு கல்லூரிப் பாடத்திட்டத்தின் கால அளவுக்குள் அடங்காமையையும், அந்நிலையில் பல்கலைக்கழகம் ஆற்றக்கூடிய பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செரோக்கி, அசையெழுத்து, வினையமைப்பு, மொழி மீட்பு, ஆசிரியர் கல்வி

முன்னுரை

இரோக்குவா மொழிக்குடும்பத்தின் தென்கிளையில் எஞ்சியிருக்கும் ஒரே மொழி செரோக்கி. அதனைப் பேசுவோரின் தாயகம் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியாகும். 1838-39ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு அவர்களுள் பெரும்பாலோரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு, வலிந்து வெளியேற்றியது. மலைப்பகுதியிலேயே தங்கிவிட்டோரின் வழியினர் வட கரோலைனாவில் வாழ்கின்றனர். இவ்வாறு மொழியும் இரு வட்டார வழக்குகளாகப் பிரிந்தது. ஒக்லஹோமாவின் தாலெக்குவா நகரிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் மாநிலப் பல்கலைக்கழகம் மேற்கு வழக்கையும், வட கரோலைனாவின் வெஸ்டர்ன் கரோலைனா பல்கலைக்கழகம் கிழக்கு வழக்கையும் சார்ந்து பாடங்களை நடத்துகின்றன.

சரளமாகப் பேசுவோர் இன்று ஏறத்தாழ 2000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். 2019இல் செரோக்கியரின் மூன்று பழங்குடி அரசுகளும் ஒன்றுகூடி மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவித்தன.

தாலெக்குவாவில் இம்மொழி ஒரு கல்லூரிப் பாடமாக இருப்பதே வரலாற்றின் முரண் எனலாம். அப்பல்கலைக்கழகத்தின் முன்னோடி, செரோக்கி அரசே 1851இல் தொடங்கிய பெண்கள் கல்விக்கூடம். தீயில் அழிந்த அதன் முதற்கட்டடத்துக்கு மாற்றாக 1889இல் எழுந்த கட்டடம் இன்றும் வளாகத்தில் நிற்கிறது. செரோக்கியரே நிறுவிய அக்கல்விக்கூடத்தின் பாடத்திட்டத்தில் செரோக்கி மொழிக்கு இடமிருக்கவில்லை.

எழுத்து

செக்கோயா என்பார் 1821இல் நிறைவுசெய்த அசையெழுத்து முறையில் இன்று 85 எழுத்துகள் வழங்குகின்றன. 1828இல் அவ்வெழுத்தில் செய்தித்தாளும் வெளிவந்தது. எழுத்துகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம் என்பதால் பாடநூல்கள் பலவும் அதிலிருந்தே தொடங்க விரும்புகின்றன. ஆனால் அவ்வெழுத்து உயிரின் நெடுமையையும் தொனியையும் காட்டுவதில்லை. தண்ணீரைக் குறிக்கும் சொல்லும் உப்பைக் குறிக்கும் சொல்லும் ஒலிப்பில் வேறுபடும். எழுத்தில் ‘அம’ என்னும் ஒரே வடிவம் பெறும். தாய்மொழியாளருக்கு இது இடரன்று. க, ச, ட, த, ப என்னும் எழுத்துகளின் ஒலிப்பு வேறுபாட்டை இடமறிந்து ஒலிக்கும் தமிழருக்கு அதன் காரணம் விளங்கும். மொழியைச் செவிவழிப் பெறாத மாணவருக்கோ எழுத்து மட்டும் போதாது. டர்பின் ஃபீலிங் 1975இல் வெளியிட்ட செரோக்கி-ஆங்கில அகராதி, தொனியை எண்களால் குறித்து இக்குறையை ஈடுசெய்தது. கல்லூரி வகுப்புக்கு அவ்வகராதி இன்றும் இன்றியமையாதது.

வினை

உண்மையான இடர்ப்பாடு வினையில் உள்ளது. செரோக்கி வினைச்சொல் ஒன்றே ஒரு முழுத்தொடராக நிற்கும். வினையடியின் முன் ஒட்டும் உருபு, செய்வோரை மட்டுமன்றிச் செயலுக்கு உட்படுவோரையும் சேர்த்தே உணர்த்தவல்லது. ஒவ்வொரு வினைக்கும் ஐந்து அடிவடிவங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்போதும் ஊகிக்க இயலாது. ஆகவே ‘ஒரு வினையைக் கற்றேன்’ என்று மாணவர் சொல்வதற்கு அவ்வைந்தையும் மனங்கொள்ள வேண்டும்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் பாகுபாடு தமிழிலும் உண்டு. செரோக்கியில் இருமையும் சேர்வதால் அது நான்காக விரிகிறது: நீயும் நானும், அவரும் நானும், நீங்கள் பலரும் நானும், அவர்கள் பலரும் நானும். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ஒரே சொல். ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர் வாய்திறக்குமுன் தம்முடன் இருப்போர் யார், எத்தனை பேர், கேட்போர் அதில் அடங்குவரா என்று எண்ணியாக வேண்டும்.

‘கொடு’ போன்ற வினைகள் பொருளின் தன்மைக்கேற்ப வேறுபடும். உயிருள்ளது, நெகிழ்வது, நீண்டு விறைத்தது, நீர்மமானது, திரண்டது என ஐவகை. பூனையைக் கொடுப்பதற்கும் துணியைக் கொடுப்பதற்கும் வெவ்வேறு வினைவடிவங்கள். இதனைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிக் காட்டுவது எளிது. பேச்சில் கொணர்வது அரிது. கோலையும் துணியையும் தண்ணீரையும் பந்தையும் மாணவர் கைமாற்றிக்கொண்டே பழகும் வகுப்பில்தான் அது நாவில் படியும். அத்தகைய வகுப்பு பாடத்தை விரைந்து முடிக்க உதவாது. மொழியைத் தருவதற்கு உதவும்.

இறந்தகாலமும் இருவகைப்படும். பேசுவோர் தாமே கண்டும் உணர்ந்தும் அறிந்ததற்கு ஓர் ஈறு. பிறர் சொல்லியோ பின்னர் ஊகித்தோ அறிந்ததற்கு மற்றோர் ஈறு. இரவு பெய்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தவரும், காலையில் ஈரத்தரையைக் கண்டவரும் ‘மழை பெய்தது’ என்பதை ஒரே வடிவத்தில் கூறார். பழங்கதைகள் இரண்டாம் வகையிலேயே சொல்லப்படுகின்றன. ஆகவே இலக்கணப் பிழை இங்கே சான்றுப் பிழையாகவும் ஆகிவிடுகிறது.

நேரம்

வாரத்துக்கு மூன்று மணி, பருவத்துக்குப் பதினைந்து வாரம் எனக் கொண்டால் நான்கு பருவங்களில் கிடைப்பது 180 மணி. செரோக்கி அரசு நடத்தும் ஆசான்-பயில்வோர் திட்டத்திலோ வயதுவந்தோர் உதவித்தொகை பெற்று, வாரத்துக்கு 40 மணி வீதம் இரண்டு ஆண்டுகள் பேச்சாளருடன் செலவிடுகின்றனர்; இது ஏறத்தாழ 4000 மணியாகும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கல்லூரி வகுப்பு பயனற்றது என முடிவுகட்டுவது தவறு. ஆனால் கல்லூரி வகுப்பே பேச்சாளரை உருவாக்கும் என்று நம்பிப் பாடத்திட்டம் வகுப்பது அதனினும் பெரிய தவறு. நிறங்கள், எண்கள், விலங்குப் பெயர்கள் என்று பெயர்ச்சொற்களை அடுக்கி முதற்பருவத்தை நிரப்பும் வழக்கம் இந்நம்பிக்கையின் விளைவே. மாணவர் மகிழ்வர், தேர்விலும் வெல்வர், ஒரு வாக்கியமும் அமைக்கமாட்டார். சில வினைகளையேனும் அவற்றின் முழு வடிவங்களுடன் பயிற்றுவிப்பதே 180 மணிக்குள் செய்யத்தக்கது.

ஆசிரியர்

தாலெக்குவாவில் 2001இல், எல்லாப் பாடங்களையும் செரோக்கியிலேயே நடத்தும் குழந்தைப் பள்ளி தொடங்கப்பட்டது. வட கரோலைனாவிலும் அத்தகைய பள்ளி உண்டு. கணிதத்தையும் அறிவியலையும் செரோக்கியில் கற்பிக்கவல்ல ஆசிரியர் இப்பள்ளிகளுக்குத் தேவை. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் செரோக்கிக் கல்விப் பட்டப்படிப்பு இத்தேவையை முன்னிட்டே அமைந்தது. மொழி முதியோரிடம் உள்ளது. அவர்களுள் பலரிடம் ஆசிரியர் தகுதிச் சான்று இல்லை. இளம் பட்டதாரியிடம் சான்று உண்டு. அவர் மொழியை இரண்டாம் மொழியாகவே கற்றவர். இவ்விருவரையும் ஒரே வகுப்பறையில் நிறுத்துவதும், முதியோரின் பேச்சைத் தொனியும் நெடுமையும் புலப்படப் பதிவுசெய்து பாடமாக்குவதும் பல்கலைக்கழகத்தால் செய்யக்கூடியவை. இரண்டாவது பணியைத் தள்ளிப்போட இயலாது. எழுத்து காட்டாத தொனியை, ஐயம் எழும்போது கேட்டுத் தெளிய அம்முதியோரன்றி வேறு எவருமில்லை.